வன்னி நாட்டிற் பருமன் புகுந்த வரலாறு

ஆனையிறவுக் கடனீரேரிக்குத் தெற்கே காடும் குளமும் வயலுமாய் விரிந்து கிடக்கும் வன்னிப் பெருநிலம், நெடுங்காலம் மெலிந்த மக்களின் நாடாகவே அறியப்பட்டது. 1895 ஆம் ஆண்டில் ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றிக் கைந்நூல் ஒன்று வெளியிட்டார். ஊர்களையும் குளங்களையும் வழக்கங்களையும் விரித்துரைக்கும் அந்நூலிலே காய்ச்சலும் பறங்கி வியாதியும் தவறாமல் வந்து தலைகாட்டுகின்றன. உடைந்த குளங்களின் கீழே ஊர்கள் பாழாயின. எஞ்சிய ஊர்களிலே சில குடிகளே வாழ்ந்தன.

அந்நாளில் வன்னிச் சிறுவன் ஒருவனின் வயிறு பெருத்திருந்தால், அது கொழுப்பினால் அன்று. மலேரியாக் காய்ச்சல் மீண்டும் மீண்டும் தாக்க, மண்ணீரல் வீங்கி வயிற்றை முன்தள்ளியது. வைத்தியர்கள் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, இடப்பக்க விலாவின் கீழே கையை வைத்து அழுத்திப் பார்த்தனர். மண்ணீரல் தட்டுப்படுவோரின் தொகையைக் கொண்டே ஓர் ஊரின் மலேரியாவை அளந்தனர். கையும் காலும் குச்சியாய் இருக்க, வயிறு மாத்திரம் பானையாய் இருந்த அத்தோற்றம் வறட்சி வலயம் எங்கணும் பழகிப்போன காட்சியாகும்.

இத்தகைய நாட்டிலே உடம்பிற் சதை பிடித்தல் நற்குறியாகக் கொள்ளப்பட்டதில் வியப்பில்லை. கனகாலத்தின் பின் கண்ட உறவினனை, "என்ன மோனை, மெலிஞ்சு போனாய்?" என்று இரங்கிக் கேட்பதும், "இப்ப கொஞ்சம் உடம்பு வைச்சிருக்கு" என்று மகிழ்ந்து சொல்வதும் இன்றும் வழக்கில் உள்ளன. பசியும் காய்ச்சலும் பல தலைமுறைகளுக்குக் கற்பித்த பேச்சு அது. ஆனால் அப்பேச்சுக்கு அடிப்படையாய் இருந்த நிலைமை மாறிவிட்டது. மிகைப்பட்ட சதை சலரோகத்தையும் மாரடைப்பையும் கொணரும் என்பதை இன்று பெரும்பாலானோர் அறிவர். அது பெருங்குடலின் உட்புறத்திலே முளைகளை வளர்க்கின்றது என்பதைச் சிலரே அறிவர்.

பொலிப் என்று வைத்தியர் வழங்கும் இம்முளை, பெருங்குடலின் உட்சுவரிலே கடுகளவிலிருந்து நெல்லிக்காயளவு வரையில் எழும் சிறு வளர்ச்சியாகும். அது வலியைத் தருவதில்லை. பெரும்பாலும் எவ்வகை அறிகுறியும் காட்டுவதில்லை. முளைகளிற் பல தீங்கற்றவை. அடினோமா என்னும் ஒரு வகை மெல்ல மெல்லப் பருத்து, அவற்றுட் சில, பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ சென்றபின் புற்றுநோயாக மாறுகின்றன. இந்த உண்மையும், அதற்கும் உடற்பருமனுக்கும் உள்ள தொடர்பும் வெளிப்பட்ட வரலாறு இருபதாம் நூற்றாண்டின் வரலாறு. அதே நூற்றாண்டிலேதான் வன்னியின் உணவும் உழைப்பும் உருமாறின.

முதலில் உணவைப் பார்ப்போம். காட்டை வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்த வன்னி மக்கள் குரக்கன், சாமை, வரகு, பயறு, எள் ஆகியவற்றை விளைவித்தனர். குளத்தின் கீழே காலபோகத்தில் நெல் விளைந்தது. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் முதலிய நெல்லினங்களை உரலிற் குத்தித் தவிட்டோடு உண்டனர். குரக்கன் பிட்டும், கூழும், குளத்து மீனும், காட்டுக் கீரையும், வேட்டை வாய்த்தால் இறைச்சியும் அவர்தம் உணவு. உழவு, சூடு மிதித்தல், விறகு தறித்தல், தண்ணீர் சுமத்தல் என்று விடியலிலிருந்து பொழுது சாயும் வரை உடம்பு ஓயவில்லை. இதனைப் பொற்காலம் என்று போற்றுவார் உளர். ஆயின் அந்த உடம்பு மெலிந்திருந்தமைக்கு நல்லுணவு மாத்திரம் காரணமன்று. காய்ச்சலும் கொக்கிப்புழுவும் மழை பொய்த்த ஆண்டுகளும் அதில் பங்கு கொண்டிருந்தன.

மாற்றம் பல வாயில்களால் வந்தது. 1902 இல் வேலை தொடங்கிய இரணைமடுக் குளம் 1920களில் வயல்களுக்கு நீர் தந்தது. 1930களிலிருந்து கிளிநொச்சிப் பகுதியிலே குடியேற்றங்கள் எழுந்தன. நெல் பெருகிற்று; அதனைத் தீட்டும் ஆலைகளும் பெருகின; தவிடு மாட்டுக்கும் கோழிக்கும் போயிற்று. இரண்டாம் உலகப்போரில் 1942 ஆம் ஆண்டு பர்மா யப்பானியர் கைப்பட, இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அந்த இடத்தைப் பங்கீட்டுக் கோதுமை மா நிரப்பிற்று. அதுவரை பட்டினத்தார் உணவாய் இருந்த பாண் கிராமத்துக்கும் சென்றது. போர் முடிந்தும் அது திரும்பிப் போகவில்லை. 1980 இல் திருகோணமலையிற் பெரும் மா ஆலை இயங்கத் தொடங்கியபின் அதன் இடம் உறுதியாயிற்று. இதற்கிடையே 1946 முதல் டி.டி.ரி. மருந்து வீடுகள்தோறும் தெளிக்கப்பட்டு மலேரியா வீழ்ந்தது. 1963 இல் தீவு முழுவதிலும் பதினேழு நோயாளரே காணப்பட்டனர். பின்னர் அந்நோய் மீண்டெழுந்து பல்லாண்டு வருத்தியதாயினும், 2016 ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. மண்ணீரல் வீங்கிய வயிறு வன்னியிலிருந்து மறைந்தது.

வன்னி இவ்வாறு மாறிக்கொண்டிருக்கையில், இலண்டன் மாநகரில் குடல் நோய்களுக்கெனவே அமைந்த சென் மார்க்ஸ் மருத்துவமனையிலே வேறொரு கதை நடந்தது. அறுவை வைத்தியர் லொக்ஹாட் மம்மெரியும் நோயியல் அறிஞர் கத்பேட் டியூக்ஸும், வெட்டியெடுக்கப்பட்ட குடற்பகுதிகளை ஆண்டாண்டாக ஆராய்ந்து, புற்றின் அயலிலே முளைகள் அடிக்கடி காணப்படுதலைக் கண்டனர். முளையே முன்னோடி, புற்று அதன் பின்விளைவு என்று 1928 இல் எழுதினர். அதே மருத்துவமனையைச் சேர்ந்த பேசில் மோசனும் உடனாய்வாளரும் 1970களில் அக்கருத்தை நிலைநிறுத்தினர். எல்லா முளையும் புற்றாவதில்லை. ஆனாற் பெருங்குடற் புற்றுக்களிற் பெரும்பாலானவை முளையாய்த் தொடங்கியவையே என்பது அவர்கள் கண்ட முடிபு. 1988 இல் ஐக்கிய அமெரிக்காவிலே பேட் வோகல்ஸ்ரைனும் துணைவரும் முளையிலிருந்து புற்று வரையில் மரபணுக்கள் படிப்படியாகப் பழுதுறுவதைக் காட்டினர்.

முளை ஏன் முளைக்கின்றது? இக்கேள்விக்கு முதலில் விடை தேடியவருள் டெனிஸ் பேர்க்கிற் குறிப்பிடத்தக்கவர். அயர்லாந்திற் பிறந்து, இளமையிலேயே ஒரு கண்ணை இழந்த இவர், உகண்டாவிலே 1946 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அறுவை வைத்தியராய் இருந்தார். இங்கிலாந்திலே நாள்தோறும் காணும் குடல் முளையும் குடற்புற்றும் அங்குள்ள கிராமத்தவரிடம் மிக அரிதாய் இருத்தல் அவர் கருத்தை ஈர்த்தது. நார்ப்பொருள் மிகுந்த உணவே காரணம் என்று 1971 இல் எழுதினார். அவர் கண்ட உகண்டாக் கிராமத்தவரின் தானிய உணவுக்கும் சேனைப் பயிரை உண்ட வன்னி மக்களின் உணவுக்கும் அதிக வேறுபாடில்லை. யப்பானிலிருந்து ஹவாய்த் தீவிலும் அமெரிக்காவிலும் குடியேறியோரை ஆராய்ந்தவர்களும் இதற்கு ஒத்ததொன்றைக் கண்டனர். தாய்நாட்டில் அரிதாயிருந்த பெருங்குடற் புற்று, குடியேறிய குடும்பங்களிலே ஓரிரு தலைமுறைக்குள் அமெரிக்கரின் அளவுக்கு ஏறிற்று. குருதி மாறவில்லை, வாழ்க்கையே மாறியது.

பேர்க்கிற்றின் விளக்கம் எளிதாயும் அழகாயும் இருந்தமையால் உலகம் அதை விரும்பி ஏற்றது. அழகிய விளக்கங்களுக்கும் சோதனை உண்டு. முளை அகற்றப்பட்ட ஏறத்தாழ 2,000 பேருக்கு நாரும் காய்கனியும் மிகுந்த, கொழுப்புக் குறைந்த உணவை நான்கு ஆண்டுகள் அமெரிக்காவிற் கொடுத்துப் பார்த்தனர். வேறோர் ஆய்வினர் கோதுமைத் தவிட்டைக் கொடுத்தனர். இரண்டின் முடிவுகளும் 2000 ஆம் ஆண்டில் வெளியாயின: முளைகள் முன்போலவே மீண்டும் முளைத்தன. 2003 இல் ஐரோப்பாவின் பத்து நாடுகளில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து நோக்கிய ஆய்வு, நார்ப்பொருளை நிறைய உண்போருக்குக் குடற்புற்று குறைவு என்று கூறி அக்கருத்துக்கு ஓரளவு உயிர் கொடுத்தது. நான்கு ஆண்டுத் தவிடு நாற்பது ஆண்டு வாழ்க்கையைத் திருத்திவிடாது என்று கொள்வதே பொருத்தம். எவ்வாறாயினும், தட்டில் உள்ளதை மாத்திரம் பார்த்தல் போதாது, இடுப்பிற் சேர்ந்துள்ளதையும் பார்த்தல் வேண்டும் என்பது இதற்குள் தெளிவாகியிருந்தது.

இடுப்பை முதலில் கூர்ந்து பார்த்தவர்கள் வைத்தியரல்லர். ஆயுட் காப்புறுதிக் கம்பனியாரே. எவன் விரைவில் இறப்பான் என்பது அவர்களின் இலாப நட்டக் கணக்கு. நிறை கூடியவர் முந்தி இறத்தலை அவர்களின் ஏடுகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே காட்டின. 1979 இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தைச் சேர்ந்த லியூ, கார்பிங்கல் என்னும் இருவர், ஏழரை இலட்சம் பேரின் பன்னிரண்டு ஆண்டு விபரத்தை வெளியிட்டனர். நிறை மிகக் கூடிய ஆண்களிடையே மிகைப்பட்ட புற்றுநோய் மரணங்களுக்குப் பெருங்குடலும் நேர்குடலுமே முதன்மை இடமாய் இருந்தன. 1995 இல் பொஸ்ரன் நகரின் எட்வேட் ஜியோவனூச்சியும் உடனாய்வாளரும் ஏறத்தாழ 47,000 ஆண்களைத் தொடர்ந்து ஆராய்ந்து, இடைச்சுற்றுப் பெருத்தவருக்குக் குடற்புற்று மிகுதல் போலவே, ஒரு சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட பெரிய முளைகளும் மிகுதலைக் காட்டினர். அடுத்த ஆண்டு, தாதியரான பெண்களை ஆராய்ந்தபோதும் பருமனோடு தொடர்புற்றவை பெரிய முளைகளே. ஆகவே, பருமன் விதையை இடுவதினும் இட்ட விதைக்கு எருவாவதே மிகுதி என்று கருத இடமுண்டு. பின்னர் 2012 இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணித்தபோது, உடற்றிணிவுச் சுட்டி ஐந்து அலகு ஏறுந்தோறும் அடினோமா முளைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுவதாகத் தெரிந்தது.

இஃது எவ்வாறு நிகழ்கின்றது? வயிற்றினுள்ளே குடலைச் சூழ்ந்து சேரும் கொழுப்பு, வெறும் சேமிப்பாய்ச் சும்மா கிடப்பதன்று. அது பலவகைச் சுரப்புக்களை இரத்தத்திற் கலக்கின்றது. இன்சுலினுக்கு உடம்பு செவிசாய்க்காதவாறு செய்கின்றது. அதனால் உடம்பு மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கின்றது. மிகைப்பட்ட இன்சுலின், குடற்சுவரின் கலங்களை இறவாது பெருகுமாறு தூண்டுகின்றது. இதனோடு கொழுப்பிலிருந்து எழும் ஓயாத மெல்லழற்சியும் சேர்கின்றது. சலரோகத்துக்கும் குடல் முளைக்கும் வேர் ஒன்றாய் இருத்தல் இதனாலேயே.

உடற்றிணிவுச் சுட்டி என்பது கிலோக்கிராமிலான நிறையை, மீற்றரிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வருவது. பெல்சிய நாட்டுக் கணித அறிஞர் கெற்லே பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்தது. மேலை நாட்டாருக்கு 25 எனப்படும் எச்சரிக்கை எல்லையினை, ஆசியருக்கு 23 எனக் கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் அறிவித்தது. அதே நிறையிலும் நம்மவரின் வயிற்றிலே கொழுப்பு அதிகம் சேர்வதே காரணம். ஐந்தடி மூன்று அங்குலம் உயரமுள்ள ஒருவர் 59 கிலோவைக் கடந்தால் அவ்வெல்லையை அடைந்துவிட்டார். இவ்வளவு நிறையுள்ளவரை வன்னியிலே எவரும் பருத்தவர் என்று சொல்லார். மெலிந்தவர் என்று சொல்வோரும் இருப்பர்.

இனி வன்னிக்கு மீள்வோம். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்திலே எரிபொருள் அருமையாயிற்று. துவிச்சக்கர வண்டியே மக்களின் வாகனம். பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் வயலுக்கும் மிதித்தே சென்றனர். நோயாளியையும் விறகையும் நெல்மூடையையும் அதிலேயே ஏற்றினர். 2009 ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களிலே முல்லைத்தீவுக் கடலோரத்தின் சிறு நிலத்துண்டில் நெருங்கிக் கிடந்த மக்கள் அரிசியும் உப்பும் இட்ட கஞ்சியால் உயிர் தாங்கினர்; ஆண்டுதோறும் மே மாதத்தில் அக்கஞ்சியைக் காய்ச்சி வழங்குதல் இன்று நினைவுச் சடங்காகியுள்ளது. போர் ஓய்ந்தபின் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் வவுனியாவின் மெனிக்பாம் முதலிய முகாம்களில் இருத்தப்பட்டனர். அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் ஆகியன உலருணவாய்க் கிடைத்தன. பட்டினி கிடந்தவருக்கு அவை உயிர் மருந்து என்பதில் ஐயமில்லை. மீள்குடியேறியபின் பெருந்தெருக்கள் செப்பனிடப்பட்டன. 2013 இல் கிளிநொச்சிக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது. தவணைக்கடனில் மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் வந்தன. அறுவடையை இயந்திரம் செய்கிறது. சந்திதோறும் கொத்துரொட்டியும் ரோல்ஸும் மென்பானமும் விலையாகின்றன. பிற நாடுகளிலே மூன்று தலைமுறை எடுத்த மாற்றம் இங்கே பட்டினியின் அடியொற்றிப் பத்து ஆண்டுக்குள் நடந்தேறியது.

இலங்கையின் பருமனையும் சலரோகத்தையும் அளக்க 2005, 2006 ஆம் ஆண்டுகளில் நடந்த பெரும் ஆய்வு, ஆசியருக்குரிய அளவின்படி வளர்ந்தோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் மிகைநிறையினர் என்றும், மேலும் பத்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோர் பருமனுற்றோர் என்றும் கண்டது. ஒன்பது மாகாணங்களில் ஏழே அதில் அடங்கின. வடக்கும் கிழக்கும் போர் காரணமாய் விடப்பட்டன. குண்டும் பசியும் எண்ணப்பட்ட நாட்டிலே இடைச்சுற்று எண்ணப்படவில்லை.

ஒல்லாந்து நாட்டின் அனுபவம் ஒன்றை இவ்விடத்திற் கூறுதல் தகும். 1944 ஆம் ஆண்டின் குளிர்காலத்திலே செருமானியப் படையினர் உணவை மறித்ததனால் அந்நாட்டின் மேற்குப் பகுதி கொடும் பட்டினியில் ஆழ்ந்தது. அவ்வேளை தாய் வயிற்றில் இருந்தவர்கள் பத்தொன்பது வயதிற் படைச் சேவைக்காகப் பரிசோதிக்கப்பட்டபோது எடுத்த குறிப்புக்கள், மூன்று இலட்சம் இளைஞரளவில், 1976 இல் ஆராயப்பட்டன. கருப்பத்தின் முற்பாதியிற் பட்டினிக்கு ஆளானோரிடையே பருமன் மிகுந்திருந்தது. பஞ்சத்திற் கருவுற்ற உடம்பு, கிடைப்பதையெல்லாம் சேமிக்கக் கற்றுக்கொண்டு பிறக்கின்றது போலும். 2009 இல் வன்னியிலே கருவில் இருந்த பிள்ளைகள் இன்று உயர்வகுப்புக்களை எட்டிய பருவத்தினர். அவர்களின் உயரமும் நிறையும் இடைச்சுற்றும் ஆண்டுதோறும் அளந்து எழுதப்படுதல் வேண்டும். ஒல்லாந்தர் முப்பது ஆண்டு கழித்துத் தேடியதை இங்கே உரிய காலத்திலேயே அறிந்துகொள்ளலாம்.

ஏறிய நிறையைக் குறைத்தால் முளை நீங்குமா என்று கேட்பார் உளர். உலகப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2002 இல் இதனை ஆராய்ந்து, நிறை கூடாமற் காத்தல் பெருங்குடற் புற்றைக் குறைக்கும் என்று உறுதி கூறிற்று. கூடியதைப் பின்னர்க் குறைத்தலின் பயனுக்கு அத்தகைய உறுதி கூறவில்லை. முளைத்துவிட்ட முளைக்கு வேறு வழி உண்டு. யப்பானிலிருந்து நியூயோர்க் சென்ற ஹிரோமி ஷின்யா என்னும் அறுவை வைத்தியர், வில்லியம் வுல்ஃபுடன் சேர்ந்து, வளையும் அகநோக்கிக் குழாயினூடே மெல்லிய கம்பிச் சுருக்கைச் செலுத்தி, 1969 இல் வயிற்றைக் கீறாமலே முளையைச் சுருக்கிட்டு அறுத்தெடுத்தார். அமெரிக்காவின் தேசிய முளை ஆய்வு இதன் பயனை அளந்தது. முளை அகற்றப்பட்டோரிடையே குடற்புற்று எதிர்பார்த்ததிலும் 76 முதல் 90 வீதம் வரை குறைந்தது என்று அது 1993 இல் வெளியிட்டது. வைத்திய வரலாற்றில் ஒரு புற்றுநோயை அது தோன்றுமுன்னரே இவ்வளவு தூரம் அறுத்தெறிய முடிந்த இடங்கள் சிலவே.

வன்னியிலே இதற்குக் குறுக்கே நிற்பது மூலம் என்னும் சொல். மலத்துடன் இரத்தம் போனால் அது மூலச்சூடு என்று கருதி, கருணைக்கிழங்கும் மோரும் உண்டு மாதக்கணக்கில் இருந்துவிடுவோர் பலர். மூலமாயும் இருக்கலாம், பெரும்பாலும் அதுவே. ஆயினும் நாற்பதைக் கடந்தவருக்கு, குறிப்பாக உடம்பு பருத்தவருக்கும் குடும்பத்தில் இந்நோய் கண்டவருக்கும், அது முளையின் இரத்தமாயும் இருத்தல் கூடும். யப்பான் நாட்டிலே 1992 முதல் நாற்பது வயதைக் கடந்தோருக்கு மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் காணும் எளிய சோதனை ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. வடபகுதிப் புற்றுநோயாளர் முன்னர் மகரகமை வரை செல்லவேண்டியிருந்தது. 2011 இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தோர் திரட்டிய நிதியைக் கொண்டு தெல்லிப்பழையிலே எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை 2013 இல் திறக்கப்பட்டது.

அரசினர் வைத்தியசாலைகளோடு இணைந்த ஆரோக்கிய வாழ்வு மையங்கள் 2011 முதல் நாடெங்கும் தொடங்கப்பட்டன. நிறை, உயரம், இடைச்சுற்று, இரத்த அழுத்தம், இரத்தத்திலுள்ள சீனி ஆகியன அங்கே கட்டணமின்றி அளக்கப்படுகின்றன. இரத்தம் போவதை எத்தராசும் காட்டாது. நோயாளரே கூச்சத்தை விட்டு வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். கூறினால், முதல் நாள் குடலைக் கழுவும் பேதி மருந்து கொடுக்கப்படும். மறுநாள் மயக்க மருந்தின் மெல்லிய உறக்கத்திலே அகநோக்கி செலுத்தப்படும். முளை இருந்தால் அப்போதே சுருக்கிட்டு எடுக்கப்பட்டு, சிறு போத்தலொன்றில் நோயியற் சாலைக்கு அனுப்பப்படும். நோயாளர் பெரும்பாலும் அன்று மாலையே வீடு திரும்புவர்.